பழைய பாணி எஃகுப் பிஸ்டலில் ரெட் டாட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1911 வகைப் பிஸ்டலை ரெட் டாட்டோடு (ஒளிப்புள்ளியை வைத்துக் குறி பார்க்க உதவும் சிறு கருவி) வாங்கலாமா, கையில் இருக்கும் பழையதிலேயே பொருத்திக்கொள்ளலாமா என்று அமெரிக்காவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. பெரும்பாலும் 5 அங்குலக் குழல் உள்ள 1911-ஐ மனதில் வைத்தே எழுதுகிறேன். சி.இசட். 75, ஹை-பவர் போன்றவை மாறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

பழைய பாணி என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

எஃகு ஸ்லைடு (சுடும்போது முன்பின் ஓடும் மேல்பாகம்), எஃகு பிரேம் (பிடியோடு சேர்ந்த கீழ்ச்சட்டம்), வெளியே தெரியும் ஹேமர் (பின்னால் இருக்கும் சுத்தி), கையால் போடும் சேஃப்டி. இந்த நான்கும் இருந்தால் போதும். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டல் இந்தக் குடும்பத்தின் மூத்தது. 1985-இல் பெரெட்டா வரும்வரை அதுவே அங்கே அதிகாரபூர்வப் பிஸ்டல். அடுத்தது ஹை-பவர்: பிரௌனிங் தொடங்கி வைத்து 1926-இல் இறந்துவிட, பெல்ஜியத்தில் சைவ் என்பவர் முடித்து 1935-இல் வெளிவந்தது. நம் ஊர்ப் போலீஸார் இடுப்பில் பார்க்கும் ‘9 மி.மீ. 1ஏ’ இந்த ஹை-பவரின் வார்ப்புதான்; மேற்கு வங்கத்தில் இஷாப்பூர் ஆலையில் செய்யப்படுவது. மூன்றாவது செக் நாட்டு சி.இசட். 75. இன்றைய போட்டிகளில் அதன் பேரனான ஷேடோ 2-ஐ நிறையவே பார்க்கலாம்.

ரெட் டாட் என்பது லேசரா?

இல்லை. இலக்கின்மேல் எந்த ஒளியும் விழாது. கருவியின் பின்பகுதியில் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று இருக்கும். அதன் ஒளி முன்னால் லேசாகச் சாய்ந்து வளைந்த கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்புகிறது. சிவப்பை மட்டும் திருப்பி மற்ற நிறங்களை விட்டுவிடும் பூச்சு அந்தக் கண்ணாடியில் இருக்கிறது. புள்ளி வெகு தூரத்தில் மிதப்பதுபோல் தெரிவதால், கண்ணை இலக்கில் வைத்துக்கொண்டே குறி பார்க்க முடிகிறது. சாதாரணக் குறிகளில் பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும், பார்வையை முன்குறியில் நிறுத்த வேண்டும். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அந்த முன்குறிதான் முதலில் மங்கும். ரெட் டாட் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் காரணத்தால்தான் வருகிறார்கள் என்பது என் கணிப்பு.

நூறு வயதுத் துப்பாக்கியில் எலக்ட்ரானிக் சாமான். இது வெறும் மோகம் இல்லையா?

மோகமும் உண்டு. ஆனால் இந்தச் சேர்க்கை புதியதல்ல. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் முதல் ரெட் டாட்டை விற்கத் தொடங்கியது 1975-இல். அமெரிக்காவின் புல்ஸ்ஐ போட்டியில் 50 கெஜத்தில் ஒரே கையால் சுட வேண்டும். அங்கே 1911-இன் மேல் குழாய் வடிவ ரெட் டாட்டை ஏற்றிச் சுடுவது பல பத்தாண்டுகளாக வழக்கம். புதிது என்னவென்றால், கருவி தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி ஸ்லைடிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு சுடலிலும் அதோடு சேர்ந்து பின்னால் போய் முன்னால் வருகிறது. தலைவலி எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

ரெட் டாட் போட்டால் துப்பாக்கியின் துல்லியம் கூடுமா?

கூடாது. குழலும் ஸ்லைடும் எவ்வளவு இறுக்கமாகப் பூட்டிக்கொள்கின்றன, எந்தத் தோட்டா போடுகிறீர்கள் என்பவைதான் துப்பாக்கியின் துல்லியத்தைத் தீர்மானிக்கும். ரெட் டாட் குறைப்பது உங்கள் கண்ணின் பிழையை. கையின் பிழையை அது குறைக்காது, காட்டிக்கொடுக்கும். ட்ரிகரை அழுத்தும்போது புள்ளி கீழே இடப்பக்கம் குதிக்கிறதா, அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். சாதாரணக் குறியிலும் அந்தக் குதிப்பு இருந்தது, நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ரெட் டாட் போட்ட முதல் வாரத்தில் ‘கை இவ்வளவு நடுங்குகிறதே’ என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். நடுக்கம் கூடவில்லை. புள்ளி முழுதாக அசையாமல் நிற்க வேண்டும் என்று காத்திருந்தால் கடைசியில் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்துவிடுவீர்கள். இலக்கின் நடுப்பகுதிக்குள் அது ஆடிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக அழுத்தப் பழகுங்கள்.

சோதிக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

துப்பாக்கியை. ரெட் டாட் அங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை இழுத்து, தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் சேஃப்டி சோதனை. ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, பிடியை இறுகப் பிடித்தபடி ட்ரிகரை நன்றாக அழுத்தி விடுங்கள். இப்போது சேஃப்டியை இறக்குங்கள். ஹேமர் விழக் கூடாது. அடுத்து ஹேமரைக் கட்டைவிரலால் மிக மெல்லப் பின்னால் இழுத்துக் காதில் வைத்துக் கேளுங்கள். சிறு ‘டிக்’ சத்தம் கேட்டால் உள்ளே ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் நகர்ந்திருக்கிறது, சேஃப்டி சரியாகப் பொருந்தவில்லை. பிடியின் பின்னால் இருக்கும் கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் ட்ரிகரை இழுத்தால் எதுவும் நடக்கக் கூடாது. கடைசியாக, ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஹேமர் ஏறியே நிற்க வேண்டும். ட்ரிகரை விட்டு மறுபடி அழுத்தினால்தான் விழ வேண்டும்.

காலி அறையோடு ஸ்லைடைப் படாரென்று விடாதீர்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், அவர் சுளிப்பதில் நியாயமும் இருக்கிறது; 1911-இன் சியர் முனைகளுக்கு அது நல்லதல்ல.

ஸ்லைடு மூடியிருக்கும்போது குழலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள். அது அமுங்கி மீண்டும் எழும்பினால் பூட்டு தளர்வு. ரெட் டாட் ஸ்லைடோடு இருக்கிறது, தோட்டா குழலிலிருந்து போகிறது. இரண்டும் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் பூட்டிக்கொள்ளாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த ரெட் டாட்டும் பொய் சொல்லும். ஸ்லைடுக்கும் பிரேமுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருப்பது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. குழல் பூட்டுக்குத்தான் அதிக மதிப்பெண்.

ரெட் டாட் பொருத்தியிருக்கும் விதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நல்ல துப்பாக்கியும் நல்ல ரெட் டாட்டும் சேர்ந்து மோசமான ஜோடி ஆவது இந்த இணைப்பில்தான்.

ஸ்லைடு பின்னால் பாய்ந்து நின்று மீண்டும் முன்னால் மோதும் ஒவ்வொரு முறையும் கருவி தன் இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது இரண்டு சிறு திருகுகள் அல்ல. திருகின் வேலை கீழ்நோக்கி அழுத்திப் பிடிப்பது மட்டும். முன்பின் தள்ளலைத் தாங்க வேண்டியவை ஸ்லைடில் வெட்டிய பள்ளத்தின் முன்சுவரும் பின்சுவரும், அல்லது பள்ளத்தில் விட்டிருக்கும் முளைகள். ட்ரிஜிகானின் ஆர்.எம்.ஆர். வகைக் கருவிகளின் அடியில் இரண்டு குழிகள் இருக்கும். ஸ்லைடிலோ பிளேட்டிலோ (கருவிக்கும் ஸ்லைடுக்கும் நடுவே வைக்கும் தகடு) அதற்கு இணையாக இரண்டு முளைகள் இருக்க வேண்டும். கருவியைத் திருகு இல்லாமல் பள்ளத்தில் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அந்த வெட்டு தோல்வி. திருகுகள் எல்லாச் சுமையையும் தாங்கி, கொஞ்ச நாளில் அறுந்துவிடும்.

பள்ளம் நேரடியாக அந்தக் கருவிக்கென்றே வெட்டியதா, நடுவே பிளேட் இருக்கிறதா என்று பாருங்கள். நேரடி வெட்டில் கருவி தாழ்வாக உட்காரும், இணைப்பும் ஒன்றே ஒன்று. ஆனால் நாளைக்கு வேறு கம்பெனிக் கருவி வாங்கினால் அது பொருந்தாமல் போகலாம். பிளேட் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பதிலுக்கு உயரம் கூடும், தளரக்கூடிய இணைப்புகள் இரண்டாகும். பிளேட் வழிதான் என்றால் எஃகுப் பிளேட்டாகவே பாருங்கள். அலுமினியப் பிளேட்டில் திருகின் மரை சீக்கிரம் தேயும்.

திருகு நீளத்திலும் கவனம் வேண்டும். 1911-இன் ஸ்லைடுக்குள் நடுவே ஃபயரிங் பின்னும் (தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசி) வலப்பக்கம் எக்ஸ்ட்ராக்டரும் (காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) நீளவாக்கில் ஓடுகின்றன. நீளமான திருகு உள்ளே எட்டிப் பார்த்தால் எக்ஸ்ட்ராக்டர் இறுகிக் காலிக் கூடுகள் வெளியேறாமல் சிக்கும். கோல்ட் நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த சீரிஸ் 80 வகையில் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் ஒரு சிறு உருளையும் ஸ்லைடுக்குள் இருக்கிறது. அந்த வகையை வெட்டக் கொடுக்கும் முன், இது சீரிஸ் 80 என்று மில்லிங் செய்பவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சி.இசட். 75-இல் ஸ்லைடு பிரேமுக்கு உள்ளே ஓடுவதால் வெளியே தெரியும் ஸ்லைடின் உயரமே குறைவு. வெட்ட அங்கே அவ்வளவு எஃகு இல்லை. பழைய 75-ஐ வெட்டுவதைவிட, ஆலையிலேயே ரெட் டாட்டுக்காகத் தயார் செய்த ஷேடோ 2 வாங்குவது மேல்.

திருகை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கருவியின் கையேடு சொல்லும் அளவுக்கு. பொதுவாக அது 12 முதல் 15 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.4 முதல் 1.7 நியூட்டன் மீட்டர். இதைக் கைக்கணக்கில் பிடிக்க முடியாது, டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். மரையில் எண்ணெய் இல்லாமல் நன்றாகத் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி விட்டு இறுக்கி, ஒரு நாள் காயவிடுங்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம், சூடாக்காமல் கழற்ற முடியாது. திருகின் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து மெல்லிய கோடு ஒன்று போட்டு வையுங்கள். கோடு விலகினால் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெட்டாமல், பின்குறி இருந்த டவ்டெயில் பள்ளத்திலேயே மாட்டினால்?

மாட்டலாம், உயரமாக இருக்கும். உயரம் கூடக் கூட நெம்புகோல் விசையும் கூடும், கிட்ட தூரத்தில் புள்ளிக்கும் தோட்டா படும் இடத்துக்கும் உள்ள இடைவெளியும் கூடும். பிடிக்குமா பிடிக்காதா என்று முடிவு செய்ய இது நல்ல வழி. நிரந்தரத் தீர்வாக நான் ஏற்க மாட்டேன்.

தாத்தா காலத்து கோல்ட் ஒன்று இருக்கிறது. அதை வெட்டலாமா?

வேண்டாம். உலகப் போர்க் காலத்து 1911-இன் மதிப்பு அதன் மூல நிலையில்தான் இருக்கிறது. ஸ்லைடை ஒருமுறை வெட்டினால் ஒட்டவைக்க முடியாது. அவ்வளவு ஆசை என்றால் புதிய ஸ்லைடு ஒன்றைத் தனியே வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள், பழையதை எண்ணெய் பூசிப் பெட்டியில் வையுங்கள்.

புதிய துப்பாக்கியை வெட்டினாலும் ஒரு விஷயம் மறக்கக் கூடாது: வெட்டிய இடத்தில் பூச்சு போய் வெறும் எஃகு தெரியும். மறுபூச்சு இல்லாமல் விட்டால் கருவிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் துரு ஏறும். ஹூஸ்டன் மாதிரி ஈரமான ஊரில் இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

அளவை எம்.ஓ.ஏ. என்ற கோணக் கணக்கில் சொல்வார்கள். ஒரு எம்.ஓ.ஏ. 25 மீட்டரில் சுமார் 7 மி.மீ. ஆக, 2 எம்.ஓ.ஏ. புள்ளி அந்தத் தூரத்தில் ஒன்றரை செ.மீ. அகலத்தை மறைக்கும்; 6 எம்.ஓ.ஏ. புள்ளி நாலரை செ.மீ. அளவுக்கு மறைக்கும். காகித இலக்கில் நிதானமாகச் சுடுபவருக்குச் சிறியது. வேகப் போட்டிக்குப் பெரியது சட்டென்று கண்ணில் படும். முதல் கருவி என்றால் 3 எம்.ஓ.ஏ. பக்கமாக ஒன்றை எடுத்தால் பெரிதாக வருத்தப்பட மாட்டீர்கள்.

புள்ளி வட்டமாக இல்லை, வால் நட்சத்திரம் மாதிரி தெரிகிறது. கருவியில் கோளாறா?

பெரும்பாலும் கண்ணில் இருக்கும் சிதறல் பார்வைதான் காரணம். காலித் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, கருவியின் வழியாகப் போனில் புள்ளியைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கருவி சரி. முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். சிலருக்குப் பச்சைப் புள்ளி தெளிவாகத் தெரியும். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே கடையில் சோதியுங்கள், வீட்டுக்கு வந்து அல்ல.

திறந்த வகையா, மூடிய வகையா?

எஃகுப் பிஸ்டலுக்கு மூடியது (விளக்கும் கண்ணாடியும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருப்பது) என்றுதான் நான் சொல்வேன். மழை தூசு எல்லாம் ஒரு காரணம், ஆனால் என் முதல் காரணம் எண்ணெய். 1911 எண்ணெய் குடித்து ஓடும் துப்பாக்கி. ஸ்லைடு தண்டவாளங்கள் ஈரமாக இருந்தால்தான் அது சந்தோஷமாக ஓடும். அந்த எண்ணெய் சுடும்போது தெறிக்கும். திறந்த வகையில் ஒரே துளி எல்.இ.டி.-யின் மேல் விழுந்தால் போதும், புள்ளி கலங்கி உருத்தெரியாமல் போகும். எய்ம்பாயிண்டின் ஆக்ரோ போன்ற மூடிய வகையில் வெளிக் கண்ணாடி அழுக்காகும், விரலால் துடைத்துவிட்டுத் தொடரலாம். பதிலுக்கு எடை கூடுதல்: ஆர்.எம்.ஆர். சுமார் 34 கிராம், ஆக்ரோ பி-2 சுமார் 60 கிராம். பார்க்கும் ஜன்னலும் குறுகலாகத் தோன்றும்.

கண்ணாடியைத் துடைக்கத் துப்பாக்கி சுத்தம் செய்யும் ரசாயனங்களைத் தொடாதீர்கள், பூச்சு போய்விடும். மூக்குக்கண்ணாடிக்குப் பயன்படுத்தும் திரவமும் மென்துணியும் போதும்.

எந்தத் தூரத்தில் ஜீரோ செய்வது?

ஜீரோ என்பது, புள்ளி நிற்கும் இடத்திலேயே தோட்டா படும்படி கருவியைச் சரிசெய்வது. நான் 25 மீட்டர் சொல்வேன். கருவியின் மையம் குழலின் மையத்துக்கு மேலே சுமார் 25 மி.மீ. இருக்கிறது, 9 மி.மீ. தோட்டா நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் ஜீரோ செய்தால் 3 மீட்டரில் தோட்டா புள்ளிக்குக் கீழே 2 செ.மீ. அளவில் படும், 10 மீட்டரில் 1 செ.மீ. கீழே; 15 மீட்டரில் அரை செ.மீ.-க்கும் குறைவு, 50 மீட்டரில் மறுபடி இரண்டரை செ.மீ. கீழே. அதாவது எங்கேயும் புள்ளிக்கு மேலே போகாது. கணக்கு மனதில் நிற்க இது வசதி.

10 மீட்டரில் ஜீரோ செய்தால் 25 மீட்டரில் 2 செ.மீ.-க்குக் கொஞ்சம் அதிகமாக மேலே படும். பெரிய பாதகம் இல்லை. ஆனால் 10 மீட்டரில் செய்த சிறு பிழை 25 மீட்டரில் இரண்டரை மடங்காகும் என்பதால், அங்கே தொடங்கி 25-இல் முடியுங்கள்.

மணல் மூட்டையில் கையைத் தாங்கிக்கொண்டு ஐந்து தோட்டா சுடுங்கள். குரூப்பின் (ஐந்தும் பட்ட இடங்களின் கூட்டம்) நடுவை எடுத்துக் கணக்குப் போடுங்கள், ஒற்றைத் தோட்டாவைத் துரத்தாதீர்கள். பல கருவிகளில் ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ. 25 மீட்டரில் 5 செ.மீ. கீழே படுகிறது என்றால் ஏழு கிளிக் மேலே.

சுடுதளத்தில் ஒரு நாள் கிடைத்தால் என்னென்ன சோதிக்கலாம்?

முதலில் ஜீரோ. பிறகு துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, புள்ளியை இலக்கின் ஒரு மூலையில் நிறுத்தி, தலையை மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திப் பாருங்கள். ‘பேரலாக்ஸே இல்லை’ (தலை நகர்ந்தாலும் புள்ளி இலக்கில் இடம் மாறாது) என்று விளம்பரம் சொன்னாலும் ஜன்னல் ஓரத்தில் புள்ளி கொஞ்சம் நகரத்தான் செய்யும். 10 மீட்டரில் அது எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கிளிக் நேர்மை. வலது பத்து, மேல் பத்து, இடது பத்து, கீழ் பத்து எனத் திருப்பிவிட்டுச் சுடுங்கள். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும்.

பிறகு ஓட்டம். குறைந்தது 200 தோட்டாவாவது, இரண்டு மூன்று வகை எடையில், 9 மி.மீ. என்றால் 115, 124, 147 கிரெய்ன். எல்லா மேகசின்களையும் எண் போட்டுச் சுழற்சியில் பயன்படுத்துங்கள். சிக்கல் வந்தால் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, கூடு எப்படிச் சிக்கியது என்று எழுதுங்கள். 1911-இல் வரும் சிக்கல்களில் பல மேகசினால்தான் வருகின்றன. பழி மட்டும் ரெட் டாட்டுக்கு. நாளின் கடைசியில் மறுபடி 25 மீட்டரில் ஐந்து தோட்டா. காலையில் இருந்த இடத்திலேயே குரூப் விழுந்தால் இணைப்பு நம்பத்தக்கது.

காலிக் கூடு கருவியின் முகப்பில் மோதுகிறதா என்றும் பாருங்கள். ட்ரிஜிகான் எஸ்.ஆர்.ஓ. போல முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கருவிகளில் பித்தளைக் கீறல்கள் தெரியும்.

ரெட் டாட்டின் எடையால் ஸ்லைடு மெதுவாக ஓடாதா? ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

வெட்டும்போது போகும் எஃகும், கழற்றிய பின்குறியும், வரும் கருவியின் எடையில் கணிசமான பகுதியை ஈடுகட்டிவிடும். .45 கவர்ன்மென்ட் அளவுக்கு (5 அங்குலக் குழல்) 16 பவுண்டு ஸ்பிரிங் என்பது வழக்கமான கணக்கு, அதை மாற்றாமலே தொடங்குங்கள். கூடுகள் காலடியிலேயே சோம்பலாக விழுந்தால் மட்டும் அடுத்த மென்மையான ஸ்பிரிங்கை யோசிக்கலாம். விசை குறைந்த தோட்டாக்களோடு டவ்டெயில் மவுன்ட், கனமான கருவி என்று எல்லாம் சேர்ந்தால்தான் பிரச்சினை அதிகம்.

.45-ஆ, 9 மி.மீ.-ஆ?

ரெட் டாட்டுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் 9 மி.மீ. ஒரு கிலோவுக்கு மேல் கனமுள்ள எஃகுப் பிஸ்டலில் 9 மி.மீ. சுடும்போது புள்ளி ஜன்னலைவிட்டு வெளியே போகாமலே எழும்பி இறங்குவதைப் பார்க்கலாம். தோட்டாவும் மலிவு, அதனால் பயிற்சி கூடும். .45-க்கு என்று ஒரு சுகம் இருக்கிறது. 230 கிரெய்ன் தோட்டாவின் அந்த மெதுவான தள்ளலை விரும்புபவர்களிடம் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை, சொல்லவும் மாட்டேன்.

கையைத் தூக்கினால் புள்ளியைத் தேட வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

பார்வையை இலக்கில் வைத்துத் துப்பாக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள், தலையைத் துப்பாக்கியை நோக்கிக் குனியாதீர்கள். இரண்டு கண்களும் திறந்திருக்கட்டும். புள்ளி தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அது ஜன்னலுக்கு மேலே போயிருக்கும், அதாவது முனை உயர்ந்திருக்கிறது. மணிக்கட்டைச் சற்றே முன்னால் இறக்குங்கள். வீட்டில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, தினமும் சில நிமிடம் காலித் துப்பாக்கியோடு பழகினால் இரண்டு மூன்று வாரத்தில் கை கற்றுக்கொள்ளும். க்ளாக் பிஸ்டல் பழகிய கைக்கு 1911-இன் பிடிக்கோணம் வேறு, அதனால் முதலில் புள்ளி வேறு இடத்தில் நிற்கும்.

சாதாரணக் குறிகளும் வேண்டுமா?

போட்டிக்கு மட்டும் என்றால் வேண்டியதில்லை. பாதுகாப்புக்கு என்றால் வேண்டும். 1911-இல் பெரும்பாலும் ரெட் டாட் பின்குறியின் இடத்தையே பிடித்துக்கொள்ளும்; சில பிளேட்டுகளின் பின்முனையில் சிறிய பின்குறி வெட்டி வருகிறது. அப்படி ஒன்று கிடைத்தால் அதை எடுங்கள். முன்குறியும் அதற்கேற்ற உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் போட்டிகளில் அனுமதி?

அமெரிக்க நடைமுறைச் சுடுதல் சங்கமான யு.எஸ்.பி.எஸ்.ஏ.-வின் கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் சிங்கிள் ஆக்‌ஷன் (ஹேமரை முதலில் ஏற்றினால்தான் சுடும் வகை) மட்டுமுள்ள 1911-க்கு இடமில்லை. அதற்காகத்தான் 2023-இல் லிமிடெட் ஆப்டிக்ஸ் என்ற பிரிவு வந்தது. சிங்கிள் ஸ்டாக் பிரிவில் 1911 உண்டு, ரெட் டாட் இல்லை. அதன் சர்வதேச அமைப்பான ஐ.பி.எஸ்.சி.-யின் புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸில் முதல் தோட்டா டபுள் ஆக்‌ஷனில் (ட்ரிகரே ஹேமரை ஏற்றி விடும் முறை) போக வேண்டும், ஷேடோ 2 அங்கே கோலோச்சுவது அதனால்தான். ஒலிம்பிக் விதிகள் எழுதும் ஐ.எஸ்.எஸ்.எஃப். பிஸ்டல் போட்டிகளில் எந்த ஒளிக்கருவிக்கும் அனுமதி இல்லை.

இந்தியாவில் இதெல்லாம் சாத்தியமா?

சாமானிய உரிமதாரருக்கு, நடைமுறையில் இல்லை. 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. தனிநபர் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவிலிருந்து, பெயர்பெற்ற போட்டி வீரர்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அநேகமாக மூடியே இருக்கிறது.

பேட்டரி?

பெரும்பாலும் சி.ஆர்.2032 வட்டப் பேட்டரி. ஆண்டுக்கு ஒருமுறை பிறந்தநாளன்று மாற்றிவிடுங்கள், தீரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆர்.எம்.ஆர். டைப் 2-இல் பேட்டரி அடியில் இருப்பதால் கருவியையே கழற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் ஜீரோவைச் சரிபார்க்க வேண்டும். ஹோலோசன் 507சி-இல் பக்கவாட்டில், எஸ்.ஆர்.ஓ.-வில் மேலே. எனக்கு இந்த ஒரு காரணமே தேர்வை முடிவு செய்யப் போதும்.

பழைய தோல் உறை பயன்படுமா?

மேலே பட்டை போட்டு மூடும் வகை பயன்படாது. ரெட் டாட்டுக்கு இடம்விட்டு வெட்டிய உறை வேண்டும். இதன் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். நல்ல ரெட் டாட், மில்லிங், மறுபூச்சு, உறை எல்லாம் கூட்டினால் நடுத்தர 1911 ஒன்றின் விலையை நெருங்கிவிடும்.

ரெட் டாட்டோடு சேர்த்தே யாரோ விற்கிறார். என்ன கேட்க வேண்டும்?

கருவியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கழற்றினால் பள்ளத்தில் துரு, மரையில் தேய்வு, முளைகளின் ஓரத்தில் நசுங்கல், முன்சுவரில் பளபளப்பான உரசல் ஆகியவற்றைத் தேடுங்கள். யார் வெட்டினார்கள், எந்தக் கருவியின் அளவுக்கு வெட்டினார்கள், பழைய பின்குறியும் வெட்டாத பாகங்களும் கூட வருகின்றனவா என்று கேளுங்கள். திருகுகளைப் பழையதே போதும் என்று மறுபடி போடாமல், சரியான நீளத்தில் புதிதாக வாங்கிப் போடுங்கள்.